ஒத்திசைவு எதுவரை வந்திருக்கிறது? சதவீதத்தை விட்டு எண்ணிக்கைக்கு வாருங்கள்

கேள்வி இது. வேலூரில் இருக்கும் ஒரு சிறு குழு, அணைக்கட்டு ஒன்றியத்தின் மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகியவற்றில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் எடை, உயரம், தடுப்பூசி விவரங்களைப் பதியும் களப்பணியாளர்களுக்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலியைச் செய்திருக்கிறது. மலையில் சிக்னல் இல்லாத இடங்களில் பதிவுகள் கைப்பேசியிலேயே சேர்ந்துகொள்கின்றன. ஒடுகத்தூர் பக்கம் இறங்கி வந்ததும் அவை சர்வருக்குப் போகின்றன, சர்வரில் புதிதாக இருப்பவை கைப்பேசிக்கு வருகின்றன; இதைத்தான் ஒத்திசைவு என்கிறோம். அப்போது திரையில் ஓடும் முன்னேற்றப் பட்டை 99 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. சில நேரம் 80-இலிருந்து 40-க்குப் பின்வாங்குகிறது. செயலி கெட்டுவிட்டது என்று நினைத்த பணியாளர் ஒருவர் கைப்பேசியின் அமைப்புகளுக்குப் போய்த் தரவை அழித்துவிட்டார். அனுப்பப்படாமல் இருந்த பதிவுகள் அத்தனையும் போய்விட்டன. பட்டையை ஒழுங்காக ஓடவைப்பது எப்படி என்று கேட்கிறீர்கள்.

பட்டையை இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். முதல் வேலை, பட்டை எதை அளக்கிறது என்பதை மாற்றுவது. மலையிலிருந்து இறங்கி வரும் பணியாளர் திரையைப் பார்த்து அறிய விரும்புவது மூன்றே விஷயங்கள்: நான் எழுதியது பத்திரமாக இருக்கிறதா, அது போய்ச் சேர்ந்ததா, நான் இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா. "73 சதவீதம்" என்ற எண் இந்த மூன்றில் ஒன்றுக்கும் விடை சொல்வதில்லை. விடை தெரியாதவர் தனக்குத் தோன்றியதைச் செய்கிறார். தரவை அழித்தவரிடம் எந்தத் தவறும் இல்லை. திரை அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

99-இல் ஏன் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். உங்கள் செயலி அனுப்பிய பைட்டுகளை எண்ணுகிறது. ஆனால் செயலி ஒரு பைட்டை "அனுப்பிவிட்டேன்" என்று சொல்லும் தருணத்தில் அது கைப்பேசியின் இயங்குதளம் வைத்திருக்கும் இடைத்தேக்கத்தில்தான் (அனுப்பும்வரை பைட்டுகளைத் தேக்கிவைக்கும் நினைவகத்தில்) விழுந்திருக்கிறது. அங்கிருந்து டவருக்குப் போக வேண்டும், சர்வருக்குப் போக வேண்டும், சர்வர் அதைப் படித்துச் சரிபார்த்துத் தரவுத்தளத்தில் எழுத வேண்டும், பிறகு பதில் திரும்பி வர வேண்டும். சிறிய பதிவு முழுவதையும் இடைத்தேக்கம் ஒரே விழுங்கில் வாங்கிக்கொள்வதால் பட்டை கண்ணிமைக்கும் நேரத்தில் கடைசிவரை ஓடிவிடுகிறது. உண்மையான காத்திருப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பால் சங்கத்தில் கேனைக் கவிழ்த்த உடனே கணக்கு முடிந்துவிடுவதில்லை. அளந்து, கொழுப்பு பார்த்து, சீட்டு கைக்கு வந்த பிறகுதான் அந்தப் பால் உங்கள் கணக்கில் ஏறுகிறது. நீங்கள் கவிழ்த்ததை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எண்ண வேண்டியது சீட்டை.

சர்வர் "இந்தப் பதிவு என்னிடம் எழுதப்பட்டுவிட்டது" என்று பதில் அனுப்பிய பதிவுகளை மட்டும் முடிந்தவை என்று கணக்கிடுங்கள். இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாக ஒழுங்குக்கு வரும்.

பின்வாங்கும் பட்டைக்குக் காரணம் வேறு. நீங்கள் வகுக்கும் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. 50 பதிவுகளில் 40 போனதும் 80 சதவீதம். அந்த நேரத்தில் சர்வரிலிருந்து புதிதாக 50 பதிவுகள் இறங்கவேண்டும் என்று தெரியவருகிறது. மொத்தம் 100 ஆகிவிடுகிறது. பட்டை 40-க்குத் தாவுகிறது. கணக்கு சரி, பார்ப்பவருக்கு அது அநியாயம். இதற்கு வழி, ஒவ்வோர் ஒத்திசைவையும் ஒரு சுற்றாகக் கொள்வது. சுற்று தொடங்கும் கணத்தில் நிலுவையில் இருக்கும் பதிவுகளை எண்ணி அந்த எண்ணைப் பூட்டிவிடுங்கள். சுற்றின் நடுவே பணியாளர் புதிதாக ஒன்றைப் பதிந்தால் அது அடுத்த சுற்றுக்குப் போகட்டும். மேலே போவதையும் கீழே வருவதையும் ஒரே பட்டையில் கலக்காதீர்கள். முதலில் அனுப்புவது, பிறகு பெறுவது. இரண்டுக்கும் தனித்தனி வரி. அனுப்புவது எப்போதும் முதலில் இருக்கட்டும். பணியாளரின் உழைப்பு கைப்பேசியில் மட்டும் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்தான நிமிடம். சர்வரில் இருப்பது எங்கும் ஓடிப்போகாது.

இனி கைப்பேசிக்குள் இதை எப்படி அமைப்பது என்று சொல்கிறேன். இங்கேதான் வேலை அதிகம்.

ஒவ்வொரு பதிவும் எழுதப்படும்போதே அதற்கு ஒரு தனி அடையாள எண்ணைக் கைப்பேசியே உருவாக்க வேண்டும். யூயூஐடி என்று நாம் சொல்லும் 128 பிட் எண் போதும். சர்வர் எண் கொடுக்கும் என்று காத்திருக்கக் கூடாது. பதிவை எழுதும் அதே பரிவர்த்தனையில், அதாவது எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று தரவுத்தளம் உறுதி தரும் ஒரே எழுத்தில், அனுப்ப வேண்டியவற்றின் பட்டியலிலும் ஒரு வரி சேர வேண்டும். பதிவு ஓரிடத்தில் இருந்து பட்டியலில் வரி இல்லாமல் போகும் நிலை ஒருபோதும் வரக்கூடாது என்பதால்தான் ஒரே பரிவர்த்தனை என்று வற்புறுத்துகிறேன். அந்த வரிக்கு நான்கு நிலைகள் உண்டு: காத்திருக்கிறது, அனுப்பப்படுகிறது, சேர்ந்துவிட்டது, திரும்பி வந்தது. திரையில் காட்டும் ஒவ்வோர் எண்ணும் இந்தப் பட்டியலை எண்ணிக் கிடைப்பதாக இருக்க வேண்டும். நினைவகத்தில் ஒரு மாறியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், செயலி இடையில் கொல்லப்படும்போது அந்த எண்ணும் செத்துப்போகும். தரவுத்தளத்திலிருந்து எண்ணினால் கைப்பேசியை அணைத்துப் போட்டாலும் அதே எண் நிற்கும்.

செயலி நடுவில் செத்தால் சில வரிகள் "அனுப்பப்படுகிறது" என்ற நிலையிலேயே உறைந்துவிடும். அடுத்த சுற்று தொடங்கும்போது அவற்றை எல்லாம் "காத்திருக்கிறது" என்று மாற்றிவிடுங்கள். ஒருவேளை அவை உண்மையில் போய்ச் சேர்ந்திருந்தால் இரட்டிப்பாகிவிடாதா? அடையாள எண் இருப்பதால் ஆகாது. சர்வரில் ஒரே எண் இரண்டு முறை ஏறாதபடி அந்த எண்ணின் மேல் ஒருமைக் கட்டுப்பாடு போட்டு, ஏற்கெனவே இருக்கும் எண் வந்தால் பிழை சொல்லாமல் "இருக்கிறது, சேர்ந்துவிட்டது" என்றே பதில் சொல்லச் செய்யுங்கள். இது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். சர்வரோடு பேச ஆண்ட்ராய்டு செயலிகள் பயன்படுத்தும் ஓகேஹெச்டிடிபி நூலகத்தில் இணைப்பு, வாசிப்பு, எழுத்து ஆகிய மூன்றுக்கும் இயல்புக் காலக்கெடு 10 விநாடிதான். சர்வர் பதிவை எழுதிவிட்டு 12-ஆவது விநாடியில் பதில் அனுப்பினால் கைப்பேசி அதற்குள் தோல்வி என்று முடிவுகட்டியிருக்கும். உங்கள் அட்டவணையில் ஒரே குழந்தை மூன்று முறை இருக்கிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும். பணியாளர் மூன்று முறை பதிந்திருக்க மாட்டார்.

பதிவுகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் 20 அல்லது 30 சேர்த்து ஒரு கட்டாக அனுப்புங்கள். நலிந்த சிக்னலில் ஒவ்வொரு கோரிக்கையின் போக்குவரத்துக்கும் ஆகும் நேரம்தான் பெரிய செலவு. ஆனால் சர்வரின் பதில் கட்டுக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. கட்டில் இருந்த ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு வர வேண்டும். 30-இல் 29 சரி, ஒன்று தவறு என்றால் அந்த ஒன்றுக்காக மற்ற 29-ஐயும் திருப்பி அனுப்பும் சர்வர்கள் உண்டு. அப்படிப்பட்ட சர்வரோடு எந்தப் பட்டையும் ஒழுங்காக ஓடாது. அந்த ஒரு பதிவு கட்டைத் தொடர்ந்து தோற்கடித்துக்கொண்டே இருக்கும், நிலுவை குறையவே குறையாது.

திரும்பி வரும் பதிவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான செயலிகள் கைவிடும் இடம் இதுதான். தோல்விகள் இரண்டு வகை. சிக்னல் போனது, சர்வர் மூச்சுத் திணறுகிறது என்பவை காத்திருந்தால் சரியாகும். இவற்றைப் பணியாளர் முன் கொண்டுபோய் வைக்கவே வேண்டாம். தரவிலேயே தவறு இருப்பது காத்திருந்தால் சரியாகாது; ஆயிரம் முறை அனுப்பினாலும் ஆயிரம் முறையும் திரும்பும். இரண்டையும் ஒரே சிவப்பு எழுத்தில் "பிழை" என்று காட்டினால் பணியாளருக்கு இரண்டும் ஒன்றுதான். நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. கிராமங்களின் பட்டியலைக் கைப்பேசிக்குள் வைத்திருக்கும் ஒரு செயலியை எண்ணிப் பாருங்கள். சர்வரில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கு மாறிவிட்டன. கைப்பேசியில் இன்னும் வேலூரில் இருக்கின்றன. பழைய மாவட்டக் குறியோடு வரும் பதிவை சர்வர் ஏற்காது. பணியாளர் குழந்தையின் எடையைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அவரால் திருத்தக்கூடியது எதுவும் அந்தத் திரையில் இல்லை. இத்தகைய நிராகரிப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். "பிறந்த தேதி, வருகைத் தேதிக்குப் பிறகு இருக்கிறது" என்பது போன்ற நிராகரிப்பு பணியாளருக்குப் போக வேண்டும், அதுவும் இப்படித் தமிழில், அந்தக் குழந்தையின் பெயருக்கு அருகில், தொட்டால் நேராகத் திருத்தும் இடத்துக்குப் போகும்படி.

ஆக, திரையில் என்ன இருக்கும்? என் பரிந்துரை மிக எளிமையானது. மேலே ஒரு வரி: "42 பதிவுகளில் 31 சேர்ந்துவிட்டன. 11 கைப்பேசியில் பத்திரமாகக் காத்திருக்கின்றன." "பத்திரமாக" என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள், தரவை அழிக்கப்போகும் கையைத் தடுப்பது அதுதான். அதற்குக் கீழே, ஏன் காத்திருக்கின்றன என்பதற்கு ஒரு காரணம்: "சிக்னல் இல்லை", "சர்வர் பதில் சொல்லவில்லை, 5.40-க்கு மீண்டும் முயலும்", "மீண்டும் உள்நுழைய வேண்டும்". அதற்குக் கீழே, திருத்த வேண்டியவை இருந்தால் மட்டும் ஒரு வரி. பிறகு கடைசியாக வெற்றிபெற்ற நேரம். கடைசியாக முயன்ற நேரத்தை அந்த இடத்தில் போட்டுவிடாதீர்கள், "கடைசி ஒத்திசைவு 5.40" என்று பார்க்கும் பணியாளர் எல்லாம் போய்விட்டது என்றுதான் படிப்பார், 5.40-க்கு நடந்தது தோற்றுப்போன முயற்சியாக இருந்தாலும். பட்டை வேண்டும் என்று மேலதிகாரி கேட்டால் 42-இல் 31 என்பதையே பட்டையாக வரையுங்கள். அது தாவித்தாவி நகரும். பரவாயில்லை, பொய்யாக வழுக்கிக்கொண்டு போவதைவிட அது நல்லது. பதிவுகளின் பட்டியலிலும் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்திலும் சிறு அடையாளம் இருக்கட்டும். பாலாம்பட்டில் பார்த்த அந்த ஒரு குழந்தையின் விவரம் போனதா என்றுதான் பணியாளர் பல நேரம் தேடுவார்.

ஆண்ட்ராய்டு பக்கத்துக்கு வருகிறேன். பின்னணி வேலைக்கு ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜர் நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், சரியான தேர்வு. அதில் முன்னேற்றத்தைச் சொல்ல செட்ப்ராக்ரஸ் இருக்கிறது. ஆனால் அது வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் பேசும். வேலை நின்றதும் அந்தத் தகவல் போய்விடும். ஆகவே அதைப் "இப்போது எந்தக் கட்டு போகிறது" என்பது போன்ற கணநேரச் செய்திக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எண்ணிக்கையை ரூம் தரவுத்தளத்தின் (கைப்பேசிக்குள் தரவைச் சேமிக்கும் ஆண்ட்ராய்டு நூலகம்) ஃப்ளோ வழியாகவே, அதாவது தரவு மாறும்போதெல்லாம் புதிய மதிப்பைத் தரும் ஓடை வழியாகவே, திரைக்குக் கொண்டுவாருங்கள். அனுப்பும் பட்டியல் மாறும்போதெல்லாம் திரை தானாக மாறும். ஒரு கட்டின் 30 நிலைமாற்றங்களையும் ஒரே பரிவர்த்தனையில் எழுதினால் திரைக்கும் ஒரே ஒரு தட்டுதான் போகும். மலிவான கைப்பேசிகளில் திரை தடுமாறாமல் இருக்க இது தேவை. சாதாரண வேலை ஒன்றுக்கு ஆண்ட்ராய்டு கொடுப்பது 10 நிமிடம். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் கட்டுகளைப் பிரித்து, நின்ற இடத்திலிருந்து தொடரும்படி எழுதுங்கள். நிலை எல்லாம் தரவுத்தளத்தில் இருப்பதால் அது கடினமில்லை.

ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது, மலைப்பகுதிக்கு என்றே செய்தது போன்ற சிக்கல். ஒரு வேலை தோற்றால் ஒர்க்மேனேஜர் இயல்பாக 30 விநாடி காத்துவிட்டு மீண்டும் முயலும். அதுவும் தோற்றால் ஒரு நிமிடம், பிறகு இரண்டு நிமிடம் என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும்; உச்சம் 5 மணி நேரம். இணைப்பு இருந்தால் மட்டும் ஓடு என்று நிபந்தனை போட்டிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் மலைச்சரிவில் ஒரு கோட்டுச் சிக்னல் வரும், கைப்பேசி இணைந்துவிட்டதாகச் சொல்லும், ஒரு கட்டுகூடப் போகாது. இப்படிப் பத்து முறை தோற்றால் அடுத்த முயற்சிக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பணியாளர் ஒடுகத்தூர் பேருந்து நிலையத்தில் நல்ல சிக்னலோடு அரை மணி நேரம் நிற்கிறார். செயலி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. "இப்போது அனுப்பு" பொத்தானை அழுத்துகிறார். நீங்கள் ஒரே பெயருள்ள வேலை இரண்டாவது முறை வரிசையில் சேரக் கூடாது என்பதற்காக "இருப்பதை வைத்துக்கொள்" என்ற கொள்கையைப் போட்டிருந்தால், காத்திருக்கும் பழைய வேலைதான் நிற்கும். பொத்தானுக்கு விளைவே இருக்காது. எனவே பொத்தான் அழுத்தப்பட்டதும் நிலையைப் பாருங்கள்: வேலை ஓடிக்கொண்டிருந்தால் அப்படியே விடுங்கள், காத்திருந்தால் "மாற்றிவிடு" என்ற கொள்கையோடு புதிதாகச் சேருங்கள். இரட்டிப்பை விட்டுச் சீரான இடைவெளிக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. உங்கள் பணியாளர்களின் எண்ணிக்கைக்கு சர்வர் அதைத் தாங்கும்.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் கைப்பேசி தூக்க நிலைக்குப் போய்ப் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடுகிறது. சில நிறுவனங்களின் கைப்பேசிகள் பேட்டரியைக் காக்கிறேன் என்று இன்னும் கடுமையாக நடந்துகொள்ளும். இதோடு மல்லுக்கட்டாதீர்கள். தள்ளிப்போயிருக்கிறது என்பதைத் திரையில் சொல்லிவிட்டு, செயலியைத் திறந்த உடனே ஒரு சுற்று தொடங்கும்படி வையுங்கள். அவசரமாக அனுப்பும் நேரத்தில் அறிவிப்புப் பட்டியில் பயனருக்குத் தெரியும்படி ஓடும் வேலையான முன்புலச் சேவை வேண்டுமானால், ஆண்ட்ராய்டு 14-ஐக் குறிவைக்கும் செயலிகள் அதன் வகையைத் தரவு ஒத்திசைவு என்று அறிவிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 15-இல் அந்த வகைக்கு 24 மணி நேரத்தில் 6 மணி நேரம்தான் அனுமதி. உங்களுக்கு அது தாராளம்.

அடுத்தது தடுப்பூசி அட்டையின் புகைப்படம். எண்ணிக்கையால் அளப்பது பதிவுகளுக்குச் சரி. 3 எம்பி புகைப்படத்துக்குப் போதாது. விநாடிக்கு 100 கிலோபிட் போகும் இணைப்பில் அந்த ஒரு படத்துக்கு நான்கு நிமிடம் ஆகும். நான்கு நிமிடம் "42-இல் 31" என்று நின்றால் மறுபடியும் பழைய கதைதான். முதலில் படத்தைச் சிறிதாக்குங்கள். அட்டையில் உள்ள எழுத்தைப் படிக்க நீண்ட பக்கம் 1600 புள்ளி இருந்தால் போதும், அளவு சில நூறு கிலோபைட்டுக்கு இறங்கிவிடும். அடுத்து, பதிவையும் படத்தையும் பிரித்துவிடுங்கள். எடையும் உயரமும் சில நூறு பைட். அவை படத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அப்புறம், படத்தைத் துண்டுகளாக அனுப்புங்கள். 3 எம்பி படத்தை 256 கிலோபைட் துண்டுகளாக வெட்டினால் 12 துண்டு; ஒவ்வொரு துண்டுக்கும் சர்வரின் ஒப்புதல் வரும். இங்கேயும் நாம் எண்ணுவது ஒப்புதலைத்தான். டஸ் என்ற திறந்த நெறிமுறை இதற்கென்றே இருக்கிறது. இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால், எத்தனை பைட்வரை உன்னிடம் இருக்கிறது என்று கைப்பேசி சர்வரிடம் கேட்கும், சர்வர் சொல்லும் இடத்திலிருந்து தொடரும். ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் அதற்கு நூலகங்கள் உண்டு. சர்வரின் முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் எஞ்சின்எக்ஸ் என்ற மென்பொருள் இருந்தால் ஒன்றைச் சோதித்துவிடுங்கள்: கோரிக்கையின் உடல் அளவுக்கு அதன் இயல்பு வரம்பு 1 எம்பி. அதை மாற்றாமல் விட்டிருந்தால் பெரிய படங்கள் 413 என்ற பிழையோடு எப்போதும் திரும்பும். அலுவலக வைஃபையில் சிறு படங்களை வைத்துச் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

பெறும் பக்கம் இதைவிட எளிது. சுற்றின் தொடக்கத்தில் சர்வர் "உனக்கு 1,240 பதிவுகள்" என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் போதும். பதிவிறக்கத்தைப் பைட்டால் அளக்கப் பார்த்து, மொத்த அளவு −1 என்று வருவதைக் கண்டு குழம்பியிருப்பீர்கள். ஓகேஹெச்டிடிபி தானாகவே சுருக்கிக் கேட்டு, தானாகவே விரித்துக் கொடுக்கும்போது, பதிலின் முன்னால் வரும், நீளத்தைச் சொல்லும் தலைப்பு வரியை நீக்கிவிடுகிறது, ஏனென்றால் அது சுருக்கிய நிலையின் நீளம். பதிவுகளை எண்ணினால் இந்தத் தொல்லை இல்லை. எதுவரை பெற்றோம் என்பதற்குக் கைப்பேசியின் கடிகாரத்தை நம்பாதீர்கள். பேட்டரி தீர்ந்து தேதி மாறிப்போன ஒரு கைப்பேசி போதும், சில பதிவுகள் ஒருபோதும் இறங்காமலே போகும். சர்வர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் கொடுக்கட்டும்; கைப்பேசி கடைசியாகப் பெற்ற எண்ணை நினைவில் வைத்து, அதற்குப் பிறகு வந்தவற்றைக் கேட்கட்டும். அந்த எண்ணைப் பதிவுகள் தரவுத்தளத்தில் ஏறிய அதே பரிவர்த்தனையில் எழுதுங்கள்.

இதை எல்லாம் நாமே எழுதுவானேன், ஆயத்தமாகக் கிடைக்கும் ஒத்திசைவு நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவை சதவீதத்தைத் தரும் என்று நம்பிப் போகாதீர்கள். கூகுளின் ஃபயர்ஸ்டோர் என்ற தரவுத்தளச் சேவை ஒவ்வோர் ஆவணத்துக்கும் அனுப்பப்படாத மாற்றம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், மொத்தச் சதவீதம் சொல்லாது. கைப்பேசித் தரவுத்தளமான கவுச்பேஸ் லைட் முடிந்தது இத்தனை, மொத்தம் இத்தனை என்று இரண்டு எண்கள் தரும். இரண்டுமே ஓடும்போது வளரும், ஆகவே ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பட்டை போட்டால் உங்கள் இப்போதைய பட்டைதான் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதிலேயே ஆவணத்துக்கு ஆவணம் சேர்ந்ததா என்று தெரிவிக்கும் வசதியும் உண்டு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆப்பிளின் மேகச் சேமிப்பான கிளவுட்கிட் வழியாக, அதன் கைப்பேசித் தரவுச் சேமிப்பான கோர் டேட்டா செய்யும் ஒத்திசைவு, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், ஒரு சுற்று தொடங்கியதையும் முடிந்ததையும் அறிவிக்கிறது, நடுவில் எவ்வளவு என்று சொல்வதில்லை. இவற்றைக் கட்டியவர்கள் சோம்பேறிகள் இல்லை. எவ்வளவு மிச்சம் என்பது அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது என்பதால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். மற்றொன்றையும் கணக்கில் வையுங்கள். ரெல்ம் என்ற கைப்பேசித் தரவுத்தள நூலகத்தின் ஒத்திசைவுச் சேவையை நிறுத்தப்போவதாக அதை நடத்திய மாங்கோடிபி நிறுவனம் 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 செப்டம்பர் 30-க்குக் கெடு வைத்தது. அதை நம்பியிருந்தவர்கள் ஓராண்டுக்குள் மாற்றி எழுத வேண்டியிருந்தது. பொதுச் சுகாதாரப் பணி பல ஆண்டு ஓடுவது. உங்களிடம் இருப்பது சில படிவங்கள், சில ஆயிரம் பதிவுகள். இந்த அளவுக்கு நீங்களே எழுதிய பட்டியல் உங்கள் கையை விட்டுப் போகாது.

ஐபோனில் யாரும் இல்லை என்று சொன்னதால் அதை விரிக்கவில்லை. பின்னணியில் கிடைக்கும் நேரம் அங்கே இன்னும் குறைவு, அடிப்படை ஒன்றுதான்.

வேலூர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மேற்பார்வையாளருக்கும் முன்னேற்றம் தெரிய வேண்டும். சர்வருக்கு வந்தவை மட்டும்தான் அவருக்குத் தெரியும், வராதவை தெரியாது. ஜார்தான்கொல்லைக்குப் போன பணியாளரிடமிருந்து இன்று ஒன்றும் வரவில்லை என்றால், அவர் வேலை செய்யவில்லையா, வேலை கைப்பேசியில் சிக்கியிருக்கிறதா? இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத அலுவலகம் உழைத்தவரைக் கடிந்துகொள்ளும். ஆகவே கைப்பேசி சர்வரோடு பேசும் ஒவ்வொரு முறையும், முதல் வாக்கியமாகத் தன் நிலுவையைச் சொல்லட்டும்: "என்னிடம் 38 காத்திருக்கின்றன, மிகப் பழையது திங்கட்கிழமை எழுதியது, 2 திரும்பி வந்தவை." மிகச் சிறிய செய்தி, எவ்வளவு நலிந்த சிக்னலிலும் போய்விடும். மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்து, இன்று சிக்னல் கிடைக்கும் இடத்தில் சற்று நேரம் செயலியைத் திறந்து வையுங்கள் என்று சொல்ல அது போதும். அதேபோல் சுற்று முடிந்ததும், இந்தக் கைப்பேசியிலிருந்து இந்த வாரம் இத்தனை பதிவுகள் என்னிடம் இருக்கின்றன என்று சர்வர் திருப்பிச் சொல்லட்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ தொலைந்திருக்கிறது. அது மாதக் கடைசி அறிக்கையில் தெரிவதைவிட அன்றைக்கே தெரிவது மேல்.

சோதனைக்கு அலுவலகத்தை விட்டு வெளியே போங்கள். எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலிக் கைப்பேசியில்) வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது தொடக்கம்தான். கட்டு போய்க்கொண்டிருக்கும்போது விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். சர்வர் எழுதிவிட்டுப் பதில் அனுப்பும் முன் அதை நிறுத்துங்கள். படத்தின் ஏழாவது துண்டில் செயலியை வலுவில் மூடுங்கள். ஒவ்வொரு முறையும் திரை சொன்ன எண்ணையும் சர்வரில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்வரில் இருப்பதைவிடக் குறைவாகத் திரை சொன்னால் பரவாயில்லை, அடுத்த சுற்றில் சரியாகும். கூடுதலாக ஒருமுறை சொன்னாலும் அந்தப் பதிப்பை வெளியிடாதீர்கள்.

இதை எல்லாம் எழுதத் தொடங்கும் முன் ஒரு காரியம். இப்போது பணியாளர்களின் கைப்பேசிகளில் அனுப்பப்படாத பதிவுகள் இருக்கின்றன. புதிய பதிப்பில் தரவுத்தளத்தின் அமைப்பு மாறும். ரூமில் இடமாற்ற விதி எழுதாமல், அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்ற பின்வாங்கு வழியை யாராவது உருவாக்கக் காலத்தில் வசதிக்காகப் போட்டு வைத்திருந்தால், புதுப்பிப்பு வந்த அந்தக் கணமே அந்தப் பதிவுகள் ஒரு வார்த்தை சொல்லாமல் அழிந்துபோகும். இன்றே மூலநிரலில் அந்த வரியைத் தேடுங்கள். இருந்தால் எடுத்துவிட்டு, பழைய அட்டவணையிலிருந்து புதியதற்கு மாற்றும் விதியை எழுதி, ஒரு பணியாளரின் கைப்பேசியிலிருந்து எடுத்த உண்மையான தரவுத்தளத்தின் நகலில் ஓட்டிப் பாருங்கள். திரையை மாற்றும் வேலை அதற்குப் பிறகு.